நடக்கும் தூணும் நடந்த வாஷிங் மெஷினும்

ரயில் என் ஊர் தாராகோனாவை நெருங்கும்போது இடதுபக்கம் கடல் தண்டவாளத்தை ஒட்டியே கூட ஓடிவரும். அந்த இடம் வந்ததும் நான் எழுந்து நின்றுவிடுவேன். மூன்று வருஷம் ராட்டர்டாமில் ஒரு கப்பல் கம்பெனியில் மழையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்துவிட்டு வருகிறேன், ஊரில் சாந்தா தெக்லா திருவிழா நடந்துகொண்டிருக்கிறது, இதில் உட்கார வேறு சொன்னால் எப்படி?

பையில் இரண்டு ஜீன்ஸ், அம்மாவுக்கு ஒரு பாலாடைக்கட்டி, மீதி இடம் முழுக்க என் கச்சை. இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொள்ளும் நீளமான கறுப்புத் துணி. நம் மேல் ஏறுகிறவர்களுக்கு அதுதான் படி. ராட்டர்டாமில் அதை ஜன்னல் திரையாக மாட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள், யாராவது செத்துவிட்டார்களா என்று மெதுவாக விசாரிப்பார்கள்.

மறுநாள் மதியம் எங்கள் குழுவின் தூண் நடக்கப் போகிறது. தூண் என்றால் ஆட்கள்தான். கீழே ஒருவர், அவர் தோளில் ஒருவர், அந்தத் தோளில் இன்னொருவர், எல்லாருக்கும் மேலே ஒரு குழந்தை. பேராலயப் படிகளில் இறங்கி, பெரிய தெருவைக் கடந்து, மிசெரிகோர்தியா இறக்கத்தில் இறங்கி, சதுக்கத்துக் கோடியில் இருக்கும் நகரசபைப் பால்கனிவரை போகவேண்டும். அங்கே இருப்பவர்கள் கைநீட்டிக் குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள். நான்கு பேரும் போவது ஒரே ஒரு ஜோடிக் கால்களில். அந்தக் கால்கள் பெர்னாட்டுடையவை. அவன் தோளில் நிற்பது நான். மூன்று வருஷம் நான் இல்லை, அது ஒரு இடைவேளை, அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

பையோடு நேராகக் குழுவின் கூடத்துக்குப் போனேன். கதவைத் தள்ளியதுமே வியர்வையும் கொட்டிப்போன எலுமிச்சை ஐஸ் மதுவும் கலந்த வாசனை. அடடா. யாரோ ஒருத்தன் உள்ளேயிருந்து கத்தினான்.

"ரேடியோ வந்துடுச்சு! யாராவது வால்யூமைக் குறைங்கப்பா!"

ரேடியோ என்பது நான்தான். அம்மா வைத்த பேர் இவெத்.

"மூணு வருஷமா இந்தக் கூடம் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"போங்கடா, நான் இல்லாம உங்களுக்குத் தூக்கமே வந்திருக்காது!"

"தூக்கம்தான் வந்துச்சு, மகளே. மூணு வருஷமா நல்லாத் தூங்குனோம்."

எல்லாரையும் கட்டிப்பிடித்துவிட்டுக் கடைசியாக பீனாவிடம் வந்தேன். பீனாதான் குழுத் தலைவி. ஐம்பது வயது, முட்டியில் இரண்டு ஆபரேஷன், தெருவின் இந்த முனையில் கத்தினால் அந்த முனையில் நாய் எழுந்து உட்காரும்.

"நாளைக்கு நீ முன்னாடி போற, பொண்ணே" என்றாள்.

"முன்னாடின்னா?"

"பெர்னாட்டுக்கு முன்னாடி. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பின்பக்கமா நடக்கணும். படி வந்தா படின்னு சொல்லு, பள்ளம் வந்தா பள்ளம்னு சொல்லு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பீனா, அது முட்டி போனவங்க பாக்குற வேலை!"

"போன வருஷம் நான்தான் பாத்தேன். என் முட்டியப் பத்தி இன்னொரு வார்த்தை பேசு, பாப்போம்."

"அப்போ அவன் தோள்ல யாரு நிக்கிறாங்க?"

பீனா தாடையால் சுவர்ப்பக்கம் காட்டினாள். அங்கே ஒல்லியாக ஒருத்தி தன் கச்சையை மடித்துக்கொண்டிருந்தாள். அக்னெஸ். பல் கட்டும் இடத்தில் வேலை. நான் போன பிறகு குழுவில் சேர்ந்தவள், மழையோ காய்ச்சலோ ஒரு பயிற்சிகூடத் தவறாதவள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவளைத் திட்டக்கூட எனக்கு ஒரு காரணம் அகப்படவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

பீனாவோடு சண்டை போட்டேன். ஜெயிக்கவில்லை. அவளை ஜெயித்தவர்கள் யாரும் எங்கள் குழுவில் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த மதுக்கடைக்குப் போய்விட்டேன்.

பெர்னாட் அங்கேதான் இருந்தான். மீன் ஏலக்கூடத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறான், கழுத்தும் தோளும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். முன்னால் ஒரு தட்டு நிறைய சூரைமீன் முள்ளும் குட்டி நத்தைகளும் போட்ட திருவிழாக் குழம்பு. குச்சியால் நத்தையைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள் ஜானா ஆரஞ்சுச் சாறோடு உட்கார்ந்திருந்தாள். தூணின் உச்சியில் ஏறுவது அவள்தான். கடைசியாக நான் பார்த்தபோது அந்த நாற்காலியில் அவள் கால்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. இப்போது தரையில் ஊன்றியிருந்தன.

"உக்காரு, ரேடியோ. நத்தை சாப்பிடு" என்றான்.

"எனக்கு நத்தையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விமானம் பிடிச்சு வந்திருக்கேன் பெர்னாட், படி வருது பள்ளம் வருதுன்னு சொல்றதுக்கா? அதுக்கு ஒரு நாயைக் கட்டி இழுத்துட்டுப் போகலாமே!"

"நாய் பேசாதுல்ல" என்றாள் ஜானா.

பெர்னாட் அடுத்த நத்தையைக் குத்தினான். ஜானா என் பக்கம் சாய்ந்தாள்.

"எனக்கு இதுதான் கடைசி வருஷம், தெரியுமா? எனக்குக் கால் நீளமாயிடுச்சாம். அடுத்த வருஷத்துலேர்ந்து உச்சிக்கு வேற பாப்பா. நான் அவளுக்குக் கீழ. பீனா சொல்லிட்டாங்க."

"பால்கனிய எத்தனை தடவை தொட்ட?"

"ஒரு தடவைகூடத் தொடல. நான் ஏற ஆரம்பிச்சதே நீ போனதுக்கு அப்புறம்தான். ரெண்டு வருஷமும் அந்த இறக்கத்துல அப்பா நின்னுட்டாரு. எல்லாரையும் இறக்கிட்டாங்க. நான் அப்புறம் நடந்தே போய்க் கீழேர்ந்து பால்கனியப் பாத்தேன்."

நடந்தே போய் என்று அவள் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ அசிங்கமான காரியத்தைச் சொல்வதுபோல. பெர்னாட் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உன்ன அங்க போடச் சொன்னது நான்தான்" என்றான்.

"நீயா? துரோகி!"

"கேளு. நீ என் தோள்ல நின்னப்போ, என் மண்டைக்கு மேல பேசிக்கிட்டே வருவ. ஞாபகம் இருக்கா?"

"அது பயத்துல."

"எதுலயோ. உன் பக்கத்து வீட்டுப் பூனை, உன் மாமாவோட மோட்டார் சைக்கிள், எல்லாம் சொல்லுவ. எனக்கு எரிச்சலா வரும். ஆனா அந்தப் பூனைக்கு என்ன ஆச்சுன்னு தெரியறதுக்குள்ள சதுக்கம் வந்துடும். அக்னெஸ் தங்கமான பொண்ணு, கல்லு மாதிரி நிப்பா. மேல நிக்கிறவங்க பேசக்கூடாது, அவ பேச மாட்டா. சரிதான். ஆனா அந்த அமைதியில என் தோள் பேசுறது எனக்குக் கேக்குது. இறக்கம் வந்தா இன்னும் எத்தனை கல்லுன்னு எண்ண ஆரம்பிச்சுடறேன். எண்ண ஆரம்பிச்சா முடிஞ்சுது கதை."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்போ உனக்கு என் வாய் மட்டும்தான் வேணும். நான் வேண்டாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் ஜானா.

சாறு மூக்கில் ஏறுகிற அளவுக்கு அவள் சிரித்தாள். நான் கோபமாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காக அவன் தட்டிலிருந்த மீதி நத்தைகளை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று எழுந்து வந்தேன்.

அந்தத் தோள்மேலிருந்து பெரிய தெருவைப் பார்ப்பதற்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தேன். மேலே நின்றால் இரண்டு பக்கத்து மாடிகளும் கைக்கு எட்டும். பாட்டிகள் பூவை எறிவார்கள், ஒருத்தி எப்போதும் என் பேரைத் தப்பாகக் கூப்பிடுவாள். பின்பக்கமாக நடக்கிறவளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஒரு முகம், அதுவும் வியர்த்த முகம். இதையெல்லாம் அம்மாவிடம் முழுதாகச் சொன்னேன். அம்மா பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே, "ஜானாவுக்குக் கடைசியாமே?" என்று மட்டும் கேட்டாள். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

மறுநாள் மதியம் பேராலய வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. உள்ளே ஆள் நின்று ஆட்டும் ராட்சத பொம்மைகள் ஆடி முடித்து நிழலில் ஒதுங்கியிருந்தன. அக்னெஸ் கச்சையின் ஒரு முனையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். கச்சையைத் தனியாகக் கட்ட முடியாது. யாராவது துணியைப் பிடித்து முழு பலத்தோடு இழுக்கவேண்டும், கட்டுகிறவர் சுழன்று சுழன்று அதற்குள் போய்ச்சேர வேண்டும்.

போய் முனையைப் பிடித்தேன். இரண்டு சுற்று வந்தாள்.

"இன்னும் இறுக்கமா இழு" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"மூச்சு முட்டும்."

"முட்டட்டும். உன் அளவுக்கு எனக்கு அவன் தோள் பழக்கமில்ல. பயமாத்தான் இருக்கு."

காலைப் பின்னால் ஊன்றி, கப்பல் கயிறு மாதிரி இழுத்தேன். அவள் சுழன்று என் கைவரை வந்து நின்றபோது இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தன.

"பல் கட்டுற இடத்துல தள்ளுபடி உண்டா?" என்று கேட்டேன்.

"உன் வாய்க்கா? அதுக்கு உத்தரவாதமே கொடுக்க முடியாது" என்றாள்.

நல்லவள்தான். போய் பெர்னாட்டுக்கு முன்னால் நின்றேன். அவன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான்.

"ஏறு!" என்று பீனாவின் குரல். அக்னெஸ் ஏறினாள். அவளுக்கு மேல் போல் என்ற பையன். கடைசியாகத் தலைக்கவசத்தோடு ஜானா என்னைக் கடந்து பூனை மாதிரி மேலே போனாள். சுற்றிலும் எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்து, கைகளை மட்டும் உயர்த்தி அக்னெஸின் கால்களைத் தாங்கினார்கள். மேலே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. கூடவே நடந்துவரும் குழல்காரர்களின் ஓசைதான் அவர்களுக்குக் கண். ஒரே மெட்டு போய்க்கொண்டிருந்தால் தூண் நடக்கிறது. மெட்டு மாறிக் குதியாட்டமாக வந்தால் முடிந்தது, பால்கனிக்கோ தரைக்கோ குழந்தை போகிறது, கைகள் தளரலாம். ஊரில் எல்லாக் குழுக்களுக்கும் இந்த இரண்டு மெட்டுகள்தான்.

இன்னொன்று. முன்னால் நடப்பவர் மேலே பார்க்கவே கூடாது. பார்த்தால் நம் கண் பயப்படும், கீழே இருப்பவன் அந்தப் பயத்தைப் படித்துவிடுவான்.

"படி" என்றேன். "இன்னொரு படி. ராட்டர்டாம்ல என் வீட்டுச் சமையலறையில ஒரு வாஷிங் மெஷின் இருக்கு. படி. வீட்டுக்காரர் பேரு யோஸ்ட். மெஷினுக்கு ஒரு கால் குட்டைன்னு அவர்கிட்ட வந்த நாள்லேர்ந்து சொல்றேன். படி. அவர் என்ன சொன்னாரு தெரியுமா? தரைதான் கோணல்னாரு."

பெர்னாட்டின் மூச்சு என் நெற்றியில் பட்டது. படிகள் முடிந்தன. பெரிய தெருவின் கல் பாவிய தரை.

"இப்போ சமதரை. ஒருநாள் துணி போட்டுட்டுக் காபி போடறேன். மெஷின் சுத்த ஆரம்பிக்குது. முதல்ல ஆடுது. அப்புறம் பெர்னாட், சத்தியமா, நடக்குது. சுவரைவிட்டு வெளிய வருது. ஒரு அடி, இன்னொரு அடி. இடதுபக்கம் பள்ளம், விலகு. உன்ன மாதிரியே நடை. ஆனா உன்னவிட அழகு."

அவன் உதட்டோரம் துடித்தது. மாடிகளிலிருந்து பூ விழுந்தது, ஒன்று அவன் காதில் ஒட்டிக்கொண்டது. யாரோ என் பேரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. தெரு என் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"நான் பிளக்கைப் பிடுங்கணும்னு ஓடறேன். பிளக் மெஷினுக்குப் பின்னாடி. மெஷின் இப்போ மேசையைத் தாண்டிடுச்சு. எங்க போகுது? கதவுக்கு. வேற எங்க போகும்? கதவுக்குத்தான் போகுது. இறக்கம் வருது, முட்டிய மடக்கு. நிதானமா."

மிசெரிகோர்தியா இறக்கம். அவன் கண்ணைப் பார்த்தேன். கருவிழி என்னைவிட்டுத் தரைக்குப் போனது. கற்களுக்குப் போனது. எண்ணப்போகிறான்.

"பெர்னாட்! கதவு உள்பக்கமாத் திறக்கிற கதவு!"

கண் திரும்பி வந்தது. "அதனால?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. தூணைச் சுமந்துகொண்டு அவன் பேசி நான் பார்த்ததே இல்லை.

"அதனாலயா? மெஷின் போய்க் கதவுல ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. நான் உள்ள. உலகம் வெளிய. அப்போ..."

அப்போதுதான் சதுக்கத்திலிருந்து குழலோசை வந்தது. குதியாட்ட மெட்டு. எங்களுக்கு முன்னால் போன குழு பால்கனியைத் தொட்டுவிட்டது. அவர்களுடைய குழல்கள் அவர்களுக்காக ஊதின. எங்கள் குழல்கள் இன்னும் பழைய மெட்டில்தான் இருந்தன, ஆனால் அந்தச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

குனிந்த தலைகளுக்கு என்ன தெரியும்? என் கண் முன்னால் கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யாரோ பெருமூச்சுக்கூட விட்டார்கள். பெர்னாட்டின் முகம் ஒரு பக்கம் இழுபட்டது. மேலே பாரம் அசைகிறது. நான் பார்த்தேன். பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். உச்சியில் ஜானா ஒரு காலை எடுத்துவிட்டாள். அந்த மெட்டு கேட்டால் இறங்கு என்றுதான் அவளுக்குக் குழுவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஜானா!" என்று கத்தினேன். "அது நம்ம குழல் இல்ல! நாம இன்னும் போகல! கால மேல வை! கைய எடுக்காதீங்கடா, அது அவங்க பாட்டு, நம்ம பாட்டு இன்னும் வரல! ஜானா, நேராப் பாரு, பால்கனில சிவப்புத் துணி தொங்குது, தெரியுதா? அதைப் பாத்துட்டே நில்லு! நடந்தே போய்ப் பாக்கணுமா உனக்கு? வேண்டாம்ல? அப்போ கால வை!"

பீனா எங்கேயோ பின்னாலிருந்து கத்துவது கேட்டது, ஆனால் அவள் குரலைக்கூட மீறித்தான் நான் கத்தியிருக்கிறேன். பிறகு ஊரே அப்படித்தான் சொன்னது. ஜானாவின் கால் ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு போலின் தோளில் திரும்பி ஊன்றியது. கைகள் மறுபடி இறுகின. அக்னெஸ் அசையவே இல்லை, கல்தான் அவள்.

பெர்னாட் நின்றுவிட்டான். அதே இறக்கம், ஏறக்குறைய அதே இடம். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது. நான் என் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன்.

"பாத்தியா மேல?" என்றான்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். தேவைப்படவில்லை.

"நேரா இருக்கு. கோடு போட்ட மாதிரி."

மூச்சை இழுத்தான்.

"அப்புறம் மெஷின் என்ன ஆச்சு?"

"சொல்ல மாட்டேன். நகரசபை வாசல்ல வந்து கேளு."

"சனியனே" என்றான். காலை எடுத்து வைத்தான்.

அப்புறம் அவன் எண்ணவில்லை, எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அவனை விடவில்லை. யோஸ்டின் மீசை, யோஸ்டின் மனைவி, கீழ்வீட்டுக்காரர் கூரையைத் துடைப்பத்தால் இடித்தது, சோப்புநுரை கதவுக்கடியில் போனது, கதையின் முடிவைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். இறக்கம் முடிந்து சமதரை வந்தது. நிழல் முடிந்து வெளிச்சம் வந்தது. சதுக்கம். ஊரின் மொத்த இரைச்சலும் என் முதுகில் வந்து மோதியது. அவன் உதடுகள் நீலமாகிவிட்டன, கண் மட்டும் என்னைவிட்டு அகலவில்லை. சட்டென்று என் பின்மண்டை கல்லில் இடித்தது. நகரசபைச் சுவர். இதற்குமேல் பின்னால் போக எனக்கு இடம் இல்லை.

குழல் மெட்டு மாறியது. இந்தத் தடவை எங்களுடையது.

தலைக்கு மேலே ஒரு பெரிய கூச்சல். நான் பார்க்கவில்லை. பெர்னாட்டின் முகத்தில்தான் பார்த்தேன், உச்சியிலிருந்த சின்னப் பாரம் அவனைவிட்டு மேலே போனதை. புருவம் முதலில் தளர்ந்தது, அப்புறம் கன்னம். போல் இறங்கினான், அக்னெஸ் இறங்கினாள். பெர்னாட் என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் நனைந்திருந்தது, அழுகையா வியர்வையா தெரியாது.

"ம். சொல்லு" என்றான். "மெஷின்."

"ஒரு மணி நேரம் சமையலறையில மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். தண்ணியும் சோப்பும் முட்டிவரைக்கும். அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஒரு மெஷினே நடந்து வீட்டைவிட்டுப் போகப் பாக்குதே, நான் எதுக்குடி இங்க உக்காந்திருக்கேன்னு தோணிச்சு. கையில போன் இருந்துச்சு. டிக்கெட் போட்டேன்."

பெர்னாட் சதுக்கமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். அக்னெஸும் சிரித்தாள், கச்சையை அவிழ்க்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"திரும்பிப் போற டிக்கெட்?" என்று கேட்டாள்.

"அது இன்னும் போடல. கம்பெனிக்காரங்க இங்க வீட்லேர்ந்தே வேலை செய்யலாமான்னு யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. நான் பேசுனா ஒத்துக்குவாங்கன்னு நினைக்கிறேன்."

"நீ பேச ஆரம்பிச்சா என்ன வேணா ஒத்துக்குவாங்க" என்றாள் பீனா, நொண்டிக்கொண்டே வந்து. "செவ்வாய்க்கிழமை பயிற்சி. மறந்துடாத. முன்னாடி எடம் உனக்குத்தான்."

"பீனா, அடுத்த வருஷமாவது தோள்மேல..."

"முன்னாடி."

நான் வாதாட வாயைத் திறந்தேன். மேலே பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே ஜானாவின் தலைக்கவசம் தெரிந்தது. இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இவெத்! இங்கேர்ந்து கடல் தெரியுது! பெரிய தெருல எல்லா மாடியும் பாத்தேன்! உன் தலையும் தெரிஞ்சுது! வகிடு கோணலா இருக்கு!"

"வகிடு கோணல் இல்லடி, ஊருதான் கோணல்!" என்று கத்தினேன்.

"மாடியில ஒரு பாட்டி உன்ன 'இவோன்'னு கூப்பிட்டாங்க!"

"தெரியும்! இன்னும் என்னல்லாம் பாத்த? ஒண்ணு விடாம சொல்லு!"

அவள் மேலேயிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. நான் முதல் தடவையாகக் கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.